நினைவுள்ள வளைவு

தம்புராவில் ஒவ்வொரு தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகியிருக்கும் மெல்லிய நூலை உருவிவிட்டு மீட்டிப் பாருங்கள். சுருதி மாறாது. கம்பி அதே கம்பி, குடம் அதே குடம். ஆனால் ஒலி சோர்ந்துபோயிருக்கும். நூலைத் திரும்பச் செருகி, மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டே மீட்டினால், ஓரிடத்தில் ஒலி சட்டென்று பூக்கும். ஸட்ஜத்துக்குள்ளிருந்து மேல் ஸ்தாயிப் பஞ்சமம், அதற்கும் மேலே அந்தர காந்தாரம் என்று யாரும் மீட்டாத ஸ்வரங்கள் எழுந்து ரீங்கரிக்கும். அந்த நூலுக்கு நம் சங்கீதக்காரர்கள் சூட்டிய பெயர் ஜீவா.

1921-இல் சி. வி. ராமன் தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். தந்தியைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் மீட்டினால் குறிப்பிட்ட ஒரு மேற்சுரம் எழவே முடியாது என்பது அதுவரை இருந்த விதி. இந்தக் கருவிகளில் அதே இடத்தில் மீட்டியும் அந்த மேற்சுரம் தெளிவாகக் கேட்பதை ராமன் கவனித்தார். காரணம், அகன்று வளைந்த குதிரை. அதிரும் தந்தி அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. ஒவ்வொரு தொடுதலிலும் தந்தியின் இயல்பான அசைவு கொஞ்சம் முறிகிறது. அந்த முறிவிலிருந்துதான் புதிய ஸ்வரங்கள் பிறக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்த இளைஞர்கள் இதே உண்மைக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஜீவா நூலாக அமைந்தது ஒரு கண்ணாடிக் குமிழ்: வால்வு. இன்று அதே வேலையைக் கணினிச் சில்லு ஒன்று செய்கிறது. இரண்டில் எது உசத்தி என்று கிட்டார்க்காரர்கள் முப்பது ஆண்டுகளாக வாதாடுகிறார்கள். அந்த வாதத்துக்கு இயற்பியல் என்ன பதில் சொல்கிறது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

பிளேடால் கீறிய ஸ்பீக்கர்

எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்தி எஃகால் ஆனது. அதற்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. இதுதான் பிக்கப். தந்தி அதிரும்போது காந்தப்புலம் அலைகிறது. சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. பலமாக மீட்டினாலும் அது ஒரு வோல்ட்டை எட்டினால் பெரிது. அதை ஸ்பீக்கரை உலுக்கும் அளவுக்குப் பெருக்குவது ஆம்ப்ளிஃபையரின் வேலை. இதைக் கிட்டார்க்காரர்கள் ஆம்ப் என்று சுருக்கிச் சொல்வார்கள்.

ஆம்ப் செய்தவர்கள் அதை ஒரு நேர்மையான தபால்காரராகவே நினைத்தார்கள். கொடுத்ததைக் கூட்டாமல் குறைக்காமல் பெரிதாக்கித் தர வேண்டும், அவ்வளவுதான். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் செய்த ஆம்ப்கள் இந்த எண்ணத்தில் உருவானவையே. ஒலி சிதைவது அங்கே ஒரு குறை. ஆனால் மேடையில் டிரம்ஸின் ஓசையைத் தாண்டிக் கேட்க வேண்டியிருந்த கலைஞர்கள் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஆம்ப் தன் எல்லையை எட்டியது. ஒலி கரகரத்தது. அந்தக் கரகரப்பில் தங்கள் குரல் இருப்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

1964-இல் ‘தி கிங்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ் தன்னிடமிருந்த சின்ன ஆம்ப் ஒன்றின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறினார். கீறல் விழுந்த காகிதம் படபடத்து எழுப்பிய ஒலிதான் ‘யூ ரியலி காட் மீ’ பாட்டின் கிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1962-இல், லண்டனின் ஹேன்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த டிரம்ஸ் ஆசிரியர் ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து ஃபெண்டரின் ‘பேஸ்மேன்’ ஆம்ப்பைப் பார்த்து ஒன்று செய்யத் தொடங்கினார். சுற்று ஏறக்குறைய அதேதான். இங்கிலாந்தில் கிடைத்த பாகங்களும் ஸ்பீக்கர்களும் வேறு என்பதால் ஒலி இன்னும் முரட்டுத்தனமாக வந்தது. 1966-இல் ஜான் மேயாலின் குழுவோடு ஓர் ஆல்பம் பதிவு செய்தபோது கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஒரு மார்ஷல் ஆம்ப்பை ஸ்டுடியோவில் யாரும் அனுமதிக்காத அளவுக்கு உரக்க வைத்து வாசித்தார். அந்த ஆல்பத்துக்குப் பிறகு, குறை என்று சொல்லப்பட்டதே ஒரு மொழி ஆகிவிட்டது.

வளைவு

வால்வுக்குள் நடப்பதைப் பார்ப்போம். காற்றை உறிஞ்சியெடுத்த கண்ணாடிக் குமிழின் நடுவில் கேதோடு இருக்கிறது. அதன் உள்ளே ஓர் இழை கனன்று அதைச் சூடாக்குகிறது. பழைய வால்வு ரேடியோவைப் போட்டதும் பாட்டு வர அரை நிமிடம் காத்திருந்தோமே, அது இந்தச் சூடு ஏறுவதற்காகத்தான். சூடான கேதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. சுற்றிலும் உள்ள தகட்டில் நூற்றுக்கணக்கான வோல்ட் நேர் மின்னழுத்தம் இருப்பதால் அவை அதை நோக்கிப் பாய்கின்றன. இரண்டுக்கும் நடுவில் கிரிட் என்னும் கம்பி வலை. கிட்டாரிலிருந்து வரும் சின்ன அலை இந்த வலைக்குத்தான் வருகிறது. வலையின் மின்னழுத்தம் இம்மியளவு மாறினால் எலெக்ட்ரான் வெள்ளம் பெரிதாக மாறுகிறது. கிட்டார் ஆம்ப்களில் எங்கும் காணப்படும் 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கக் காரணி ஏறத்தாழ 100.

இந்த வலை எலெக்ட்ரான் வெள்ளத்துக்கு ஒரு மதகு. எந்த மதகுக்கும் இரண்டு எல்லைகள் உண்டு: முழுக்க மூடியது, முழுக்கத் திறந்தது. கிட்டார் அலை மிகப் பெரிதானால் அதன் ஒரு பக்கம் மூடிய எல்லையையும் மறுபக்கம் திறந்த எல்லையையும் முட்டுகிறது. வால்வில் இந்த முட்டல் சுவரில் மோதுவது போல் நிகழ்வதில்லை. மணல்மேட்டில் ஏறும் வண்டி மெல்ல வேகமிழப்பது போல நிகழ்கிறது. அலையின் உச்சி வெட்டுப்படாமல் மழுங்குகிறது. இரண்டு எல்லைகளின் இயல்பும் வெவ்வேறு என்பதால், மேல் பாதி ஒரு விதமாகவும் கீழ்ப் பாதி வேறு விதமாகவும் மழுங்குகின்றன.

அலையின் வடிவம் வளைந்தால் புதிய மேற்சுரங்கள் பிறந்தே தீரும். இரு பக்கமும் ஒரே மாதிரி மழுங்கினால் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை மடங்கு அதிர்வெண்கள் மட்டுமே வரும். இரு பக்கமும் வேறுபட்டால் இரண்டு, நான்கு என்று இரட்டைப்படை மடங்குகளும் சேரும். இரண்டாம் மடங்கு மேல் ஸட்ஜம். மூன்றாவது அதற்கு மேலுள்ள பஞ்சமம். ஐந்தாவது அந்தர காந்தாரம். தம்புராவின் ஜீவா எழுப்பிய அதே ஸ்வரங்கள்.

இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டும்போது இன்னோர் அதிசயம் நடக்கிறது. 110 ஹெர்ட்ஸ் ஸட்ஜத்தையும் 165 ஹெர்ட்ஸ் பஞ்சமத்தையும் வளையும் ஆம்ப்புக்குள் அனுப்புங்கள். இரண்டின் வித்தியாசமான 55, கூட்டுத்தொகையான 275 போன்ற அதிர்வெண்கள் தாமாகவே தோன்றும். எல்லாமே 55-இன் மடங்குகள் என்பதால் காது அவற்றை ஒரே பேரொலியாகக் கோத்துக்கொள்கிறது. ஸட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, யாரும் வாசிக்காத ஓர் அடித்தளம் அதிர்கிறது. இதனோடு காந்தாரத்தையும் சேர்த்தால் கிளைத்தெழும் அதிர்வெண்கள் ஒன்றோடொன்று உரசிக் குழம்புகின்றன. ராக் இசையில் பஞ்சமத்தோடு நிறுத்திக்கொள்ளும் ‘பவர் கார்ட்’ கோலோச்சுவதற்கு இந்த எண்கணிதமே காரணம். ஆம்ப் வளையும் விதம் ஓர் இசை வடிவத்தின் இலக்கணத்தையே எழுதியிருக்கிறது.

நினைவு

வளைவு மட்டுமே ரகசியம் என்றால் அதைக் கணினியில் எழுதுவது ஒரு பிற்பகல் வேலை. இவ்வளவு மின்னழுத்தம் உள்ளே வந்தால் இவ்வளவு வெளியே போகும் என்று ஓர் அட்டவணை போதும். அப்படிச் செய்தும் பார்த்தார்கள். ஒலி உயிரில்லாமல் இருந்தது. ஒரு தனி ஸ்வரத்தை நீளப் பிடித்தால் பரவாயில்லை. விரல் அழுத்தத்தை மாற்றி மாற்றி வாசித்தால் கைக்கும் ஒலிக்கும் நடுவே ஏதோ அறுந்துபோனது போலிருக்கும்.

அறுந்துபோனது நினைவு. வால்வு ஆம்ப் இந்தக் கணத்தில் எப்படி வளையும் என்பது இந்தக் கணத்தின் அலையை மட்டும் பொறுத்ததன்று. சற்று முன்பு என்ன வாசித்தீர்கள் என்பதையும் பொறுத்தது. பலமான ஒரு மீட்டலின்போது கிரிட்டே எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளத் தொடங்குகிறது. அந்த மின்னூட்டம் முந்திய சுற்றோடு இணைக்கும் மின்தேக்கியில் போய்ச் சேர்கிறது. அது வடிந்து தீரும்வரை வால்வு தன் வழக்கமான நிலையிலிருந்து விலகியே நிற்கிறது. அடுத்த ஸ்வரம் அந்த விலகிய வால்வின் வழியாகத்தான் போயாக வேண்டும்.

மின்வழங்கிக்கும் நினைவு உண்டு. எல்லாத் தந்திகளையும் ஓங்கி மீட்டினால் ஆம்ப் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கிறது. மின்சாரத்தை ஒருதிசைப்படுத்தும் ரெக்டிஃபையரும் வால்வாகவே உள்ள ஆம்ப்பில் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் தாழ்கிறது. ஒலியின் முதல் வேகம் சற்று அமுங்குகிறது. பிறகு மின்னழுத்தம் மீண்டு வரும்போது, மங்க வேண்டிய ஸ்வரம் மலர்வது போலக் கேட்கிறது. கிட்டார்க்காரர்கள் இதை ‘சாக்’ என்பார்கள். கீழே பஞ்சு வைத்தது போல இருக்கிறது என்றும் சொல்வார்கள். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு, தான் முன்பு காந்தமான வழியை மறப்பதில்லை. ஸ்பீக்கர் காகிதத்தின் அசைவோ வால்வுகளின் மீதே திரும்பி வந்து சுமையாக விழுகிறது. நல்ல பக்கவாத்தியக்காரர் பாடகரின் முந்திய சங்கதியை மனத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பார். வால்வு ஆம்ப்பும் அப்படித்தான் உடன் வாசிக்கிறது.

டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் வந்தபோது கிட்டார்க்காரர்கள் முகம் சுளித்ததன் காரணம் இப்போது விளங்கும். அவை எல்லைவரை நேர்மையாகப் பெருக்கி, எல்லையில் அலையின் தலையை நேராக வெட்டின. சிதைவே வேண்டாத இடத்தில் அதே நேர்மை ஒரு வரம். 1975-இல் வந்த ரோலாண்டின் ஜாஸ் கோரஸ் ஆம்ப்பைத் தெளிந்த ஒலிக்காக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

எண்கள் கற்ற பாடம்

டிஜிட்டல் ஒலி எல்லையில் மிக மோசமாக நடந்துகொள்ளும் ஊடகம். சி.டி.யின் 16 பிட் ஒலியில் மிகப் பெரிய எண் 32,767. அதற்கு அடுத்த எண்ணே கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. நொடிக்கு 44,100 முறை அலையை அளக்கும் கணினியால் அதில் பாதிக்கு, அதாவது 22,050 ஹெர்ட்ஸுக்கு, மேற்பட்ட அதிர்வெண்ணைக் குறிக்க முடியாது. 5,000 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தை வளைத்தால் அதன் ஏழாம் மடங்கு 35,000-இல் பிறக்கிறது. அதற்கு இடமில்லை என்பதால் அது மடங்கித் திரும்பி 9,100-இல் வந்து உட்காருகிறது. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போல் தெரியுமே, அதே பிழைதான். 9,100 என்பது 5,000-இன் மடங்கு ஆகாது; ஸ்வரத்தோடு எந்த உறவும் இல்லாத அபஸ்வரம். தொடக்ககால டிஜிட்டல் ஒலியில் கேட்ட உலோகக் கீச்சொலியில் பெரும்பங்கு இதுவே.

இதற்கு மருந்து, வளைக்கும் முன்பே அளவீட்டு வேகத்தை எட்டு மடங்கு, பதினாறு மடங்கு கூட்டிக்கொள்வது. பிறந்த மேற்சுரங்களுக்கு முதலில் இடம் கொடுத்து, தேவையற்றவற்றை வடிகட்டிவிட்டுப் பழைய வேகத்துக்குத் திரும்புவது. வேலை பன்மடங்காகும். சில்லுகளின் வேகம் வளர வளர இதுவும் கைகூடியது.

1995-இல், ஆம்ப்பின் ஒலியை எண்களால் போலச் செய்யும் ரோலாண்டின் விஜி-8 வந்தது. 1998-இல் லைன் 6 நிறுவனம் அவரைவிதை வடிவச் சிவப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது, பெயர் பாட். பல புகழ்பெற்ற ஆம்ப்களின் சாயல் அந்தக் கையடக்கப் பெட்டிக்குள் இருந்தது. வீட்டில் பதிவு செய்பவர்கள் அதை வாரி அணைத்தார்கள். மேடைக் கலைஞர்கள் தயங்கினார்கள். 2006-இல் ஃபிராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், அதன்பின் ஜெர்மனியின் கெம்பர் புரொஃபைலர் என்று ஒவ்வொரு தலைமுறையும் அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது.

நினைவைக் கணினிக்குக் கற்பிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுற்றைத் திறந்து பார்ப்பது. ஒவ்வொரு மின்தடைக்கும் மின்தேக்கிக்கும் வால்வுக்கும் சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்ப்பது. நொடிக்கு 48,000 அளவீடு, எட்டு மடங்கு வேகம் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சமன்பாடுகளை நொடிக்கு 3,84,000 முறை தீர்க்க வேண்டும். மின்தேக்கியின் மின்னூட்டம் ஒவ்வொரு தீர்விலிருந்தும் அடுத்ததற்குக் கைமாறுகிறது. நினைவு அங்கேதான் குடியிருக்கிறது.

மற்றது, பெட்டியைத் திறக்காமலே பழகுவது. சில நிமிடக் கிட்டார் வாசிப்பை ஆம்ப்புக்குள் அனுப்பி, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் நியூரல் நெட்வொர்க் ஒன்றுக்குக் கொடுக்கிறார்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதை ஊகிக்கும்வரை அது தன்னைத் திருத்திக்கொண்டே போகிறது. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் வேசா வாலிமாகியின் குழுவினர், இப்படிப் பயின்ற நெட்வொர்க்கை வாசிக்கும் நேரத்திலேயே இயக்க முடியும் என்று 2019 வாக்கில் காட்டினார்கள். ஸ்டீவன் ஆட்கின்சன் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மாடலர் என்னும் திறந்த மூல மென்பொருள் இந்த வித்தையை எவருக்கும் இலவசமாகத் தந்திருக்கிறது. முதல் வழி வைத்தியர் நாடி பார்ப்பது போன்றது. குமிழ்களைத் திருப்பினால் என்ன ஆகும் என்பதும் அதற்குத் தெரியும். இரண்டாவது, குருவின் வாசிப்பைக் கேட்டுக் கேட்டே கற்பது போன்றது. கேட்ட அமைப்பை அப்படியே தரும், கேட்காத அமைப்பு அதற்குத் தெரியாது.

மிச்சம் இருப்பது காற்று

இவ்வளவு வந்த பிறகும், உண்மையான ஆம்ப் முன்னால் நின்று வாசிப்பது போல் இல்லை என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. என்ன குறைகிறது என்று தேடினால் விடை வால்வுக்கு வெளியே கிடைக்கிறது.

பெரும்பாலான டிஜிட்டல் கருவிகள் தருவது பதிவு செய்யப்பட்ட ஆம்ப்பின் ஒலியை. ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் ஒரு மைக் வைத்து, பெட்டி எப்படி எதிரொலிக்கிறது என்பதை அளந்து, சில ஆயிரம் எண்களாகச் சேமித்துக்கொள்கிறார்கள். மைக்கை ஒரு விரற்கடை நகர்த்தினாலே அந்த எண்கள் மாறிவிடும். அறையில் நிற்கும் கலைஞரோ தன் காதை ஸ்பீக்கரில் ஒட்டிவைத்துக் கேட்பதில்லை. தரையும் சுவரும் கலந்த ஒலியை, முழங்காலில் உணரும் அதிர்வோடு சேர்த்துக் கேட்கிறார். உரத்த ஒலியில் தாழ்ந்த ஸ்வரங்கள் காதுக்குக் கூடுதலாகக் கேட்கும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். அதனால் உரக்கப் பாடும் ஆம்ப், ஒன்றும் செய்யாமலேயே செழிப்பாகத் தோன்றும். இரண்டையும் ஒப்பிடுகிறவர் முதலில் ஒலியளவைச் சமமாக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், காற்று தந்தியோடு பேசுகிறது. ஸ்பீக்கரின் ஒலி கிட்டாரின் உடலை அதிரவைக்கிறது. அந்த அதிர்வு தந்தியை ஊட்டுகிறது. தந்தி மீண்டும் பிக்கப் வழியாக ஆம்ப்புக்குப் போகிறது. சரியான இடத்தில் நின்றால் ஒரே ஸ்வரம் மங்காமல் நெடுநேரம் நிற்கும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இந்தச் சுழற்சியையே ஒரு வாத்தியமாக வாசித்தார். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் இந்தச் சுழற்சி அறுந்துபோகிறது. அதே டிஜிட்டல் கருவியை உரத்த ஸ்பீக்கரில் இணைத்தால் அது திரும்பி வருகிறது. நினைவு ஆம்ப்பில் மட்டும் இருந்ததில்லை. அறையும் நினைவு வைத்திருக்கிறது.

டிஜிட்டலின் தாமதம் பற்றிய அச்சத்தையும் அளந்து பார்க்கலாம். மூன்று மில்லிநொடித் தாமதம் என்பது ஆம்ப்பிலிருந்து ஒரு மீட்டர் கூடுதலாகத் தள்ளி நிற்பதற்குச் சமம். மேடையில் அதைவிடத் தள்ளி நின்றுதான் எல்லோரும் வாசிக்கிறார்கள்.

வால்வின் காலம் முடிந்துவிட்டதா? ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் அவற்றை இன்னும் செய்கிறார்கள். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபோது ரஷ்ய வால்வுகள் நின்றுபோகுமோ என்று உலகெங்கும் கிட்டார்க்காரர்கள் கவலைப்பட்டதே அவற்றின் மதிப்பைச் சொல்லும். வால்வு சூடாகும், தேயும், கனக்கும். ஃபெண்டர் நிறுவனமே 2019-இல் தன் ட்வின் ரிவர்ப் ஆம்ப்பின் டிஜிட்டல் வடிவத்தைக் கொண்டுவந்தது. எடை ஏறக்குறைய பாதி. முதுகு நொந்த கலைஞருக்கு அது சிறிய விஷயமில்லை. மாடிக் குடியிருப்பில் இரவு பதினொரு மணிக்கு ஹெட்ஃபோனில் பயிற்சி செய்யும் மாணவிக்கு, ஒரு காலத்தில் ஸ்டுடியோக்களில் மட்டும் கிடைத்த ஒலி இன்று கைக்கெட்டுகிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன்.

எண்கள் வால்வைத் தோற்கடித்துவிட்டன என்று இதைப் படிக்கத் தேவையில்லை. வால்வைப் போல வளைய எண்களுக்குக் கற்பிக்கப் போனபோதுதான், அறுபது ஆண்டுகளாக நாம் எதை நேசித்தோம் என்பதே நமக்குத் தெளிவாகத் தெரிந்தது. கருவி தன் எல்லையில் எப்படித் தடுமாறுகிறது, அந்தத் தடுமாற்றத்தை எவ்வளவு நேரம் மறக்காமல் வைத்திருக்கிறது என்பதைத்தான் காது ‘டோன்’ என்று அழைத்துவந்திருக்கிறது.

தம்புராவில் ஜீவா வைப்பவர் எந்தச் சமன்பாட்டையும் பார்ப்பதில்லை. நூலை நகர்த்துகிறார், மீட்டுகிறார், கேட்கிறார். இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறார். கணினியின் முன்னால் ஹெட்ஃபோனோடு அமர்ந்திருக்கும் பொறியாளரும் ஓர் எண்ணை நகர்த்துகிறார், ஒரு ஸ்வரத்தை மீட்டுகிறார், கேட்கிறார். ஒலி பூக்கும் இடத்தை இருவருக்கும் காதுதான் காட்டிக்கொடுக்கிறது.